நிறைய இடத்தில் வெளிச்சம்

நொச்சிக்குப்பம்,
செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா சொர்ணத்துக்கு, தம்பி சுப்பராயன் எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று பெரிதாக விழுகிறது, அடுத்தது சிறிதாகிவிடுகிறது. 'ழ' போடும்போது கை நடுங்குகிறது. இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆகும். பரவாயில்லை. இதைப் பிரித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஆமாம், நான்தான். யாரும் எழுதித் தரவில்லை. எங்கள் குடியிருப்பின் கீழே சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர் பெயர் வைதேகி. மயிலாப்பூரில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எனக்கு அறுவத்தாறு ஆவுது, இனிமே படிச்சு இன்னா பண்ணப் போறேன்?" என்று முதல் நாளே கேட்டேன். "ஒங்களுக்குக் கடுதாசி போடறதுக்கு மனுஷா யாருமே இல்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். உன் நினைவு வந்தது. உனக்குக் காது போன பிறகு பதினோரு வருடமாக நாம் இரண்டு பேரும் பேசவில்லை. போனை உன் காதில் வைத்து என்ன பயன்? அன்று உட்கார்ந்தவன்தான். எட்டு மாதம் ஆகிவிட்டது. பேசுகிற மாதிரி எழுதக்கூடாது, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுத வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. அடுத்தவர் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே போடலாமாம்.

உன் கால் வீக்கம் குறைந்ததா? போர்ட் பிளேரில் மழை விட்டதா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் டில்லிபாபு கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். நந்தனம் தாண்டி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நான்கு முறை போய் வந்தோம். கல்லீரலில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. சின்ன வயதில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அந்தக் கிருமி இத்தனை வருடமும் உள்ளேயே இருந்திருக்கிறது. கட்டி நல்ல கட்டி இல்லை. ஆனால் ஒன்றுதான். வெட்டி எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சங்கரன் சொல்கிறார்.

இதையெல்லாம் உன் பக்கத்து வீட்டு டயானாவுக்குப் போன் செய்து சொல்லலாமா என்று டில்லியிடம் கேட்டேன். "டயானா அக்காகிட்ட சொன்னா அம்மாவுக்கு முன்னாடி தெருவுக்கே தெரிஞ்சுடும். நீதான் பெரிய எழுத்தாளராச்சே மாமா, நீயே எழுது" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி அவனைப் பற்றிய செய்தி எதுவானாலும் என் கையால்தான் உனக்கு வரும்.

இதை டீச்சர் படித்துப் பார்த்து எட்டுப் பிழை திருத்தினார். கவலைப்படாதே.

உன் தம்பி,
சுப்பராயன்


போர்ட் பிளேர்,
செப்டம்பர் 13

தம்பி சுப்பராயனுக்கு, அக்கா சொர்ணம்.

கடிதம் வந்தது. தபால்காரரிடம் இது எனக்கு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்தான் பின்பக்கம் உன் பெயரைக் காட்டினார். வாசலிலேயே உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கிறது உன் எழுத்து. ஆனால் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை.

கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதை விடு. ஒன்றுதான் கட்டி என்கிறாய். ஒன்றுதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் இருந்தால்? டாக்டரைக் கேட்டு எழுது. தலையாட்டிவிட்டு வராதே. நீ எல்லாரிடமும் தலையாட்டுகிறவன்.

டில்லி சாப்பிடுகிறானா? உன் சமையலையா?

அவன் தலையை ஒரு முறை தடவிக் கொடு. அம்மா தடவச் சொன்னாள் என்று சொல்லாதே, கூச்சப்படுவான்.

சொர்ணம்


நொச்சிக்குப்பம்,
செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் டில்லியும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தலையைத் தடவினேன். "இன்னா மாமா, பேன் பாக்குறியா?" என்றான்.

நீ கேட்டதை டாக்டரிடம் அப்படியே கேட்டேன். தலையாட்டவில்லை. "எங்க அக்கா கேக்குது, ஒண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். டாக்டர் சங்கரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "உங்க அக்கா சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னதை எழுதுகிறேன், கவனமாகப் படி. ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு கை நரம்பில் ஒரு பச்சை மருந்து ஏற்றுவார்கள். அது கல்லீரலுக்குப் போகும். நல்ல கல்லீரல் இரண்டு மூன்று நாளில் அந்த மருந்தைக் கழித்து வெளியே அனுப்பிவிடும். கட்டிக்கு அனுப்பத் தெரியாது. மருந்து அதற்குள்ளேயே தங்கிவிடும். வயிற்றைத் திறந்ததும் ஒரு தனி கேமராவைப் பிடிப்பார்கள். மருந்திலிருந்து வருவது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. மருந்து தங்கிய இடம் மட்டும் டிவியில் பச்சையாக மின்னும். ஸ்கேனில் தெரியாத பொடிக் கட்டிகூடத் தெரிந்துவிடுமாம். எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த வெளிச்சமே காட்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமாவாசை இருட்டில் கடல் பச்சையாக மின்னும் காலத்தில் நாங்கள் எப்படித் தொழில் செய்தோம்? மீன் கூட்டம் அசைந்தால் அந்த இடத்துத் தண்ணீர் பளிச்சென்று எரியும். அங்கே வலையைப் போடுவோம். வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவு மீன்.

"அப்போ நம்ம தொழில்தான் டாக்டர். லைட்டு தெரிஞ்ச எடத்துல வலைய வுடணும், வாரணும்" என்றேன்.

"அதேதான். தெரிஞ்சா எடுத்துடலாம். தெரியாம விட்டதுதான் மறுபடி வளரும்" என்றார்.

டில்லி அவன் புத்தியைக் காட்டினான். "நெறைய எடத்துல தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க சார்?" என்று கேட்டான்.

"ரெண்டு மூணுன்னா எடுக்கலாம். ரொம்ப இருந்தா யோசிக்கணும். இப்பவே ஏன் அதெல்லாம்" என்றார் டாக்டர்.

அக்டோபர் 16 ஆபரேஷன். ஆறு மணி நேரம் ஆகுமாம். வைதேகி டீச்சரிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொன்னேன். "பேஷா இருக்கே, எங்காத்துக்காரர் காலத்துல இதெல்லாம் இல்லாமப் போச்சு" என்றார். இந்தக் கடிதத்தில் ஐந்து பிழைதான் அக்கா. எட்டிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டேன்.

உன் தம்பி,
சுப்பராயன்


போர்ட் பிளேர்,
அக்டோபர் 5

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். டில்லிக்கு இரவு மோர் கொடுக்காதே, அவனுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆபரேஷனுக்கு முன்பே வந்துவிடலாம் என்று துறைமுகத்துக்குப் போனேன். ஒரு கப்பல் பழுது பார்க்கப் போயிருக்கிறது. அடுத்தது 23ஆம் தேதிதான். அதில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. விமானம் ஏறினால் என் காதில் ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். எனக்குக் கப்பல்தான்.

ஒரு சங்கடம் இருக்கிறது. டயானாவின் தம்பிக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். அவள் இடம் கிடைக்காமல் காத்திருப்பில் இருக்கிறாள். நான் விட்டுக்கொடுத்தால் அவளுக்குக் கிடைக்கும். அவள் வாய் திறந்து கேட்கவில்லை. தினமும் வந்து என் எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். என் காலும் இந்த நிலையில் இருக்கிறது. டில்லி தேறி வருகிறான் என்றால், நான் வந்து உனக்கு இன்னொரு நோயாளியாக இருப்பானேன் என்றும் தோன்றுகிறது. ஆபத்து என்றால் தவழ்ந்தாவது வருவேன்.

அதனால் ஆபரேஷன் முடிந்த அன்றே விரைவுத் தபாலில் எழுது. 21, 22க்குள் எனக்கு வந்துவிடும். உன் கடிதத்தைப் பார்த்துத்தான் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். அழகாக எழுத வேண்டியதில்லை. உள்ளதை எழுது.

சொர்ணம்


ஆஸ்பத்திரி,
அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ கடைசி வரிக்குத் தாவ வேண்டாம்.

காலை எட்டரைக்கு டில்லியை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது, "மாமா, வெளிய வந்ததும் வஞ்சிரம் வறுத்துக் குடு, அதுக்குத்தான் போறேன்" என்றான். ஆறு மணி நேரம் என்று நான் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பத்தேகாலுக்குக் கதவு திறந்தது. மஹ்விஷ் என்று ஒரு சின்ன டாக்டரம்மா வெளியே வந்தார்.

"அய்யா, கேமரா வச்சுப் பாத்தோம். நிறைய இடத்துல லைட் வந்துச்சு. சார் மூடிட்டார். பேஷன்ட் நல்லா இருக்கார், முழிச்சிட்டார்" என்றார்.

"ஆறு மணி நேரம்னு சொன்னீங்களே" என்றேன்.

"அவ்ளோ தேவைப்படலை. சார் இன்னொரு ஆபரேஷன்ல இருக்கார். சாயந்தரம் அஞ்சு மணிக்கு வந்து உங்ககிட்ட பேசுவார்" என்று சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். வேலை அதிகம் போலிருக்கிறது.

அக்கா, படகு சீக்கிரம் கரைக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று மீனவர் வீட்டுப் பெண்ணான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன இடத்திலேயே வலை நிறைந்துவிட்டால்தான் பொழுதோடு திரும்புவார்கள். ஒன்றும் படாதவன்தான் நாள் முழுக்க அலைவான். நிறைய இடத்தில் வெளிச்சம் என்றால் ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பொருள். ஸ்கேனுக்குத் தெரியாததெல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தால் எடுத்துவிடலாம் என்று டாக்டர் அன்றே சொன்னாரே. நீ பயந்து கேட்ட கேள்விக்குக் கடவுள் கேமராவிலேயே பதில் சொல்லிவிட்டார்.

வார்டில் கூட்டிப் பெருக்கும் கைசர் ஜஹான் என்கிற அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மூடிட்டாங்களா? அதுக்குள்ளயா?" என்று கேட்டார். பிறகு போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார். பழக்கமில்லாத மனிதர், பார். சந்தோஷத்தில் எனக்கு அந்த டீயில் சர்க்கரை இருந்ததா என்றே தெரியவில்லை.

பதினொரு மணியிலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது மூன்று. நாலு மணிக்குத் தபால் கவுன்டர் மூடிவிடுவார்கள். ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போக வேண்டும். டாக்டர் வரும்வரை காத்திருந்தால் இன்றைய தபால் போய்விடும். டீச்சரிடம் காட்டவும் நேரம் இல்லை. யாரும் திருத்தாமல் நான் அனுப்பும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கால் வலியோடு நீ கடலில் அல்லாட வேண்டாம். டயானா கல்யாணத்துக்குப் போகட்டும்.

உன் தம்பி,
சுப்பராயன்


போர்ட் பிளேர்,
அக்டோபர் 22

என் தம்பிக்கு,

நீ நூறு வருடம் இருக்க வேண்டும். கடிதம் நேற்று வந்தது. டயானாவிடம் அப்படியே நீட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். டிக்கெட்டை விட்டுக்கொடுத்தாகிவிட்டது. நாளை அவள் கப்பல் ஏறுகிறாள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் தூங்கினேன். விடிந்தது தெரியவில்லை.

அவனை அவசரப்படுத்தாதே. தையல் ஆறட்டும். பங்குனிக்குள் அவனே வந்துவிடுவான் என்று அவன் வேலை பார்க்கும் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். இடம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவன் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தில் பதினான்கு பிழை. ஒன்றையும் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சொர்ணம்


போர்ட் பிளேர்,
நவம்பர் 18

தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? எழுதச் சலித்துவிட்டதா? டில்லி ஒரு வரி எழுதக்கூடாதா? டயானாவின் வீட்டுக்காரர் இரண்டு முறை அவனுக்குப் போன் செய்தாராம். "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டானாம். குரல் எப்படி இருந்தது என்று நான் யாரைக் கேட்பது?

பதில் எழுது.

சொர்ணம்


நொச்சிக்குப்பம்,
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே மழை. கடற்கரைச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. படகுகளை மேலே ஏற்றிக் கட்டிவிட்டார்கள். சமுதாயக் கூடத்திலும் தண்ணீர் வந்ததால் பத்து நாள் வகுப்பு இல்லை.

டில்லி ரசம் சாதம் சாப்பிடுகிறான். மீன் வேண்டாம் என்கிறான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழை பார்க்கிறான். போன வாரம் என் பாடப் புத்தகத்தை எடுத்து எனக்குச் சொல்வதெழுதுதல் வைத்தான். பத்துக்கு ஏழு வாங்கினேன். "ஃபெயிலாய்டுவன்னு பாத்தேன், மானத்தக் காப்பாத்திட்ட" என்றான்.

வைதேகி டீச்சர் உன்னை விசாரித்தார். இப்போதெல்லாம் நான் கடிதத்தை அவரிடம் காட்டுவதில்லை.

முடிந்தால் அடுத்த கப்பலில் நீ ஒரு முறை வந்து போகலாம். டில்லிக்கும் உன்னைப் பார்த்த மாதிரி இருக்கும். அவசரம் ஒன்றும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

சுப்பராயன்


போர்ட் பிளேர்,
டிசம்பர் 8

சுப்பராயா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. காது கேட்காதவளுக்கு எழுத்துதான் குரல். இந்த எழுத்தில் உன் குரல் சரியில்லை.

மழையைப் பற்றி எட்டு வரி எழுதியிருக்கிறாய். தையலைப் பற்றி ஒரு வரி இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் அஞ்சு மணிக்கு வந்து பேசுவார் என்று அன்றைக்கு எழுதினாயே, அவர் வந்தாரா? என்ன பேசினார்? நான் ஏன் இதை அப்போதே கேட்கவில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். நிறைய இடத்தில் என்று எழுதியிருந்தாய். ரொம்ப இருந்தா யோசிக்கணும் என்று அதற்கு முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். இரண்டையும் இன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

உண்மையில் அவசரம் இல்லாவிட்டால், அவசரம் இல்லை என்று யாரும் எழுதிச் சொல்ல மாட்டார்கள்.

14ஆம் தேதிக் கப்பலில் இடம் வாங்கிவிட்டேன். காதில் ரத்தம் வந்தால் வரட்டும் என்று விமானத்துக்கும் கேட்டேன். மழையால் மூன்று நாளாக வரவில்லை, நாளை முதல் வரும் என்றார்கள். உண்மை என்ன என்று டயானா வீட்டுக்குப் போன் செய்து சொல். ஒரே ஒரு வார்த்தை போதும், எதில் வேண்டுமானாலும் ஏறி வந்துவிடுவேன்.

சொர்ணம்


போர்ட் பிளேர்,
ஜனவரி 9

சுப்பராயனுக்கு,

டிசம்பர் 12 அன்று டயானாவின் வீட்டுக்காரர் அவர் பிள்ளையின் சிலேட்டில் நான்கு வார்த்தை எழுதி என் முன்னால் பிடித்தார். அதைப் படித்துவிட்டு, கப்பல் டிக்கெட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். இனி அங்கே வந்து நான் யாரைப் பார்க்க?

நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ அழகாக ஏதாவது எழுதுவாய்.

எனக்கு ஒன்று வேண்டும். கடைசிப் பன்னிரண்டு நாளும் அவன் கூடவே இருந்தவன் நீ. அந்தப் பன்னிரண்டு நாளையும் எனக்கு எழுது. அவன் என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான், எல்லாம். எனக்கு நோகுமே என்று எதையும் விடாதே. நான் அங்கே இருந்திருந்தாலும் அவன் பேசுவது எனக்குக் கேட்டிருக்காது. பார்த்திருப்பேன். பார்க்கவும் கிடைக்கவில்லை.

ஒரேயடியாக எழுதாதே, என்னால் தாங்க முடியாது. ஒரு கடிதத்துக்கு ஒரு நாள்.

சொர்ணம்


நொச்சிக்குப்பம்,
ஜனவரி 21

அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ கேட்காததை முதலில் எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் முதல் நாளுக்குப் போக முடியவில்லை. அக்டோபர் 16 அன்று நான் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மணி ஐந்தாகவில்லை. டாக்டர் சங்கரன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கல்லீரல் முழுக்க இரண்டு பக்கமும் பொடிப் பொடியாக வெளிச்சம், எண்ண முடியவில்லை, வெட்டினால் மேஜையிலேயே போய்விடுவான், அதனால் எதையும் தொடாமல் மூடிவிட்டேன் என்றார். "அப்போ எடுக்கலியா?" என்றேன். "எடுக்க முடியலை அய்யா" என்றார். மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், சில மாதம் என்றார். கடிதம் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை தபால் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். "பை நேத்தே போய்டுச்சு பெரியவரே, போட்டது போட்டதுதான்" என்றார் கவுன்டரில் இருந்தவர். கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. டயானா வீட்டு நம்பர் டில்லியின் போனில் இருந்தது. எழுத்து தெரிவதற்கு முன்பே எனக்கு எண்கள் தெரியும். "அம்மாகிட்ட இப்ப சொல்லாத மாமா, நானே ஊருக்குப் போய் எதுர்ல உக்காந்து சொல்றேன்" என்று டில்லி சொன்னான். அது உண்மை. ஆனால் அவன் சொன்னதற்காக மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. நான் எழுதியது தப்பு என்று உன்னிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக எழுதிவிட்டேன். உன் டிசம்பர் கடிதம் 17ஆம் தேதி வந்தது.

இனி முதல் நாள். டிசம்பர் 1.

காலையில் மழை விட்டிருந்தது. டில்லியின் வயிறு தண்ணீர் கோத்துப் பெரிதாகிவிட்டது. கண் மஞ்சள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எட்டு மணிக்கு எழுந்து, ஷேவ் பண்ணிவிடு என்றான். ரேசரை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். "கன்னத்துல எதும் எழுதிடாத மாமா" என்றான். கீழ் உதட்டுக்கு அடியில் கொஞ்சம் வெட்டிவிட்டேன். ரத்தம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

பத்து மணிக்குக் கஞ்சி. மூன்று கரண்டி. உப்பு இல்லாமல்தான் கொடுக்க வேண்டும். "உப்பு போட்டா மட்டும் இன்னா ஆய்டப் போவுது?" என்று கேட்டான். நான் போடவில்லை. போட்டிருக்கலாம்.

பிறகு வலது பக்கம் திரும்பிப் படுத்தான். இடது பக்கம் படுத்தால் மூச்சு வாங்கியது. அப்படியே சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"மாமா, அம்மாவுக்கு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் நைனா."

"வரச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வருதா?"

அவசரம் ஒன்றும் இல்லை என்று நான் எழுதிய கடிதம் அப்போது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கக்கூட இல்லை. "கப்பல் ஏறிட்டா" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை அதற்கு முந்தின மாதம் முழுக்க நான் பார்க்கவில்லை. எந்தக் கப்பல் என்று கேட்டான். எல்லாக் கப்பலிலும் வெல்டிங் வேலை பார்த்தவன் ஆயிற்றே. பெயர் மறந்துவிட்டது என்றேன். "எழுதப் படிக்கக் கத்துக்கினு இன்னா பிரயோஜனம், ஒரு கப்பல் பேரு ஞாபகம் இல்ல" என்று சிரித்தான். சிரித்ததில் வலி வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினான்.

"இன்னிக்கு ஏறுனா நாலாம் நாள் காலைல ஆர்பர். நீ முன்னாடியே போய் நின்னுக்கோ. கூப்ட்டா அதுக்குக் கேக்காது. கைய நல்லா தூக்கி ஆட்டு."

"ஆட்டுறேன்."

"இந்தக் காத்துக்குக் கப்பல் ஆடும். அதுக்குக் கால் வேற வீக்கம். படியில புடிச்சுக்கினு எறங்கச் சொல்லு."

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னான். நான் தனியாக இழுத்துத் திருப்பினேன். கடல் கலங்கலாக இருந்தது. ஒரு படகும் இல்லை. மதியம் வரை பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னேரம் தீவு மறைஞ்சிருக்கும்" என்று ஒரு முறை சொன்னான். இரண்டு மணிக்கு மாத்திரை. அதன் பிறகு தூங்கிவிட்டான். மாலையில் எழுந்து தண்ணீர் கேட்டான். நீ எங்கே படுத்திருப்பாய், மேல் தட்டிலா கீழ் தட்டிலா என்று கேட்டான். கீழ் தட்டு என்றேன். அதுதான் ஆடாது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான்.

அன்று இவ்வளவுதான் நடந்தது. எதையும் விடவில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கப்பல் எங்கே வந்திருக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நாலாம் நாள் காலை நான் சட்டை மாற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவது போல வீட்டை விட்டு இறங்கினேன். அதையும் எழுதுவேன். அதற்கு இன்னும் மூன்று கடிதம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எழுத ஐந்து நாள் ஆனது. இரண்டாம் நாளை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

சுப்பராயன்